பாதிக்குப் பாதி

மூன்று வருடமாகப் பெனிட்டா களைத்துப்போயிருந்தாள். நாகர்கோவிலில் நான்கு டாக்டர்கள் பார்த்தார்கள், திருவனந்தபுரத்தில் இரண்டு பேர். ரத்தம் சரியாக இருந்தது, தைராய்டு சரியாக இருந்தது, இதயப் படத்தைப் பார்த்த டாக்டர் "விளையாட்டுக்காரி இதயம்லா இது" என்று வியந்தார். கடைசியாகப் பார்த்தவர் மனதில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். பாரம் இருந்தது. ஆனால் களைப்பு அதற்கும் முந்தியே வந்துவிட்டது என்பதை அவரிடம் விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

களைப்பு வருவதற்கு முன்னால் அவள் கிழக்குக் கரையில் ஒரு தனியார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தளம் போட்ட சின்ன அறை. காலுக்குக் கீழே கப்பலும் கடலும் தெரியும். பதினோரு வருடம் அந்த அறைக்கு ஏணியில்தான் ஏறினாள், லிஃப்ட் இருந்தும். பிறகு லிஃப்டில் ஏற ஆரம்பித்தாள். பிறகு அறைக்குள் போனதும் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். ஒரு மதியம், கன்டெய்னர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோதே, அவள் கண் சொக்கியது. நான்கு விநாடிதான். கீழே நின்றிருந்த ஒரு தொழிலாளிக்கு வலது கால் போயிற்று. விசாரணை முடிந்து அவள்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். மறுநாள் அவளே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் புருஷன் சஜின் இருந்தான். பொறியியல் கல்லூரியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், அப்போதிருந்தே 'நீ', 'வா' என்றுதான் இருவரும் பேசிக்கொள்வார்கள். அந்த மூன்று வருடமும் அவன் அவளைப் பார்த்துக்கொண்ட விதத்தைத் தெருவே பேசியது. காலையில் அவனே தேங்காய் துருவிப் புட்டு அவித்துவிட்டு வேலைக்குப் போவான். ராத்திரி பகலாக உழைத்து, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அவன் தொடங்கிய கம்பெனியை நாற்பது பேர் வேலை செய்யும் இடமாக ஆக்கினான். வீட்டுக்கு வந்ததும் சலிக்காமல் அவள் காலைப் பிடித்துவிடுவான். பெனிட்டாவின் அம்மா சொன்னாள்: "நம்ம குடும்பத்துல யாருக்கும் இப்பிடி ஒருத்தன் கிடைக்கல, கேட்டியா."

அந்தக் கம்பெனி செய்தது ஒரே ஒரு பொருள். பின்கழுத்தில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு விரல் அகலமுள்ள பட்டை. ஒரு ஜோடிப் பட்டையை இரண்டு பேர் போட்டுக்கொண்டால், ஒருவருடைய களைப்பையும் தூக்கத்தையும் மற்றவருக்கு அனுப்பலாம். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. 'துணை' என்று அதற்குப் பெயர் வைத்தது சஜின்தான்.

அதை நாட்டுக்குக் காட்ட அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை புருஷனும் பெண்சாதியும் சைக்கிளில் போவது. மூவாயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் டெல்லியில் வெளியீட்டு விழா.

"என்னால முடியாது சஜின். நான் கடைக்குப் போய்ட்டு வந்தாலே படுத்துருதேன்" என்றாள் பெனிட்டா.

"அதுக்குத்தானே துணை? உனக்க களைப்புல பாதி எனக்கு வரும், எனக்க களைப்புல பாதி உனக்கு வரும். நீ தனியா இல்ல பெனி."

கிளம்பிய காலையில் செய்தியாளர்களிடமும் அதையே சொன்னான். கடல் காற்றில் அவன் சட்டை படபடத்தது. "பாதிக்குப் பாதி. கல்யாணம்னா அதுதானே?" எல்லோரும் கைதட்டினார்கள். தன்னுடைய நோயை இவன் சுமக்கப்போகிறானே என்று பெனிட்டாவுக்குக் குற்ற உணர்வாக இருந்தது.

இரண்டு சைக்கிளுக்கும் பின்னால் ஒரு வேன் வந்தது. அதை ஓட்டியதும், பட்டைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று திரையில் பார்த்துக்கொண்டதும் மும்தாஜ். மேலப்பாளையத்துக்காரர், நாற்பத்தேழு வயது. இருபது வருடம் ஆஸ்பத்திரிகளில் கருவிகளைப் பழுது பார்த்துவிட்டு, போன மாதம்தான் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அளந்து பேசுவார்.

மதுரை வருவதற்குள்ளேயே பெனிட்டா தன்னை வெறுக்க ஆரம்பித்துவிட்டாள். தொடை இரண்டும் ஈரமணல் மூட்டையாகக் கனத்தன. சஜின் முன்னால் விசிலடித்துக்கொண்டு போவான், திரும்பிப் பார்த்து நிற்பான். அவள் போய்ச் சேர்ந்ததும், "ஒண்ணும் அவசரமில்ல, பைய வா" என்பான். அவன் முகத்தில் வியர்வை இருக்கும், களைப்பு இருக்காது. பாதியைச் சுமந்துகொண்டே இவன் இப்படி இருக்கிறான் என்றால், தன் உடம்பு எவ்வளவு கேவலமானது என்று நினைத்துக்கொள்வாள். தொப்பூர் ஏற்றத்தில் இறங்கி உருட்டினாள். அனந்தபூர் தாண்டி வெயிலில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பிசைந்துவிட்டான். அந்த வழியாக ஆட்டு மந்தையோடு போன ஒரு பெண் நின்று பார்த்து, தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். கொடுத்துவைத்தவள் என்று சொல்லியிருப்பாள் என்று பெனிட்டாவுக்குத் தோன்றியது.

ஹைதராபாத்தில் ஒரு வீடியோ எடுத்தார்கள். அதில் அவள் சொன்னாள்: "அவரு இல்லன்னா நான் முதல் நாளே விழுந்திருப்பேன்." அதை இருபது லட்சம் பேர் பார்த்தார்கள்.

இருபத்தைந்தாம் நாள், நாக்பூர் தாண்டிக் காட்டுப் பாதையில் விழுந்தது சஜின். தேக்குச் சருகு மூடிய வளைவு, மழைத் தூறல். முன்சக்கரம் வழுக்கிச் சாலையோரக் கல்லில் அவன் கழுத்தும் தோளும் மோதின. எலும்பு ஒன்றும் முறியவில்லை. பட்டைதான் இரண்டாகப் பிளந்தது. ஹைதராபாத்திலிருந்து வேறு பட்டை வர இரண்டு நாள் ஆகும் என்றார் மும்தாஜ். சிவனி என்ற ஊரில் லாட்ஜ் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் சிராய்ப்புக்கு மருந்து போட்டுவிட்டு, ஓய்வு எடுக்கட்டும் என்றார். சஜின் படுத்தான். விழுந்த மரம் மாதிரி தூங்கினான். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை.

பெனிட்டா விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தாள். எழுந்த பிறகுதான், தானாக எழுந்திருக்கிறோம் என்பதைக் கவனித்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். கை சாதாரணமாக மேலே போயிற்று. அழுக்குத் துணிகளையெல்லாம் துவைத்து மாடியில் காயப்போட்டாள். படி ஏறும்போது இரண்டிரண்டாகத் தாவினாள். கூச்சமாக இருந்தது, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சும்மா ஊரைச் சுற்றலாம் என்று போனவள், சோள வயல்களைத் தாண்டி, ஒரு ஏரியைத் தாண்டி, நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்பினாள். பத்து மணிகூட ஆகவில்லை. பசித்தது. மூன்று வருடத்தில் இப்படிப் பசித்ததில்லை.

வேனின் பின்கதவைத் திறந்து வைத்து மும்தாஜ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெனிட்டா மூச்சிரைக்க அவர் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, எனக்குச் சரியாயிட்டு! எண்பது கிலோமீட்டர் போய்ட்டு வந்தேன். ஒண்ணுமே தெரியல. அந்த நோய் போயிட்டு அக்கா!"

மும்தாஜ் சிரிக்கவில்லை.

"என்ன நோயிம்மா?" என்றார்.

பெனிட்டா சொன்னாள். மூன்று வருடம், ஆறு டாக்டர்கள். மும்தாஜ் கேட்கக் கேட்க அவருடைய கை திரையை மெதுவாக மறைத்தது. பிறகு அவரே கையை எடுத்துவிட்டார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கேன். இந்த அளவு உங்களுக்குத் தெரிஞ்சதுதானே?"

"எந்த அளவு? பாதிக்குப் பாதி."

"இல்லம்மா." மும்தாஜ் திரையை அவள் பக்கம் திருப்பினார். "ரெண்டு பேரு களைப்பையும் ஒண்ணாச் சேத்து, அதுல நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு உங்களுக்கு. எட்டு சாருக்கு. கன்னியாகுமரியிலருந்தே அப்பிடித்தான் இருக்கு. மதுரையில பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா ஒப்புதல் பத்திரத்துல உங்க கையெழுத்து இருக்கு. 'அளவை முதல் பயனர் தீர்மானிப்பார்'னு ஒரு வரி போட்டிருக்கு, முதல் பயனர் சாருதான். சரி, புருசன் பொண்டாட்டி பேசித்தான் வச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன். கேட்டிருக்கணும். கேக்கல."

பெனிட்டா எண்களைப் பார்த்தாள். தப்பாகப் படிக்கிறோம் என்று நினைத்தாள்.

"எப்பம் இருந்து?" என்றாள்.

"அதான் சொன்னேனே, கன்னியாகுமரி..."

"இல்ல அக்கா. அதுக்கு முன்னால இருக்கா, பாருங்க. எனக்க பட்டையில."

மும்தாஜ் தேடினார். பெனிட்டாவின் பட்டை புதியதல்ல. சஜின் மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வீட்டில் ஒட்டிவிட்டது. 'தூக்கத்தை அளக்கிற கருவி, சோதனைக்கு வேணும், கழட்டாத' என்று சொல்லியிருந்தான்; பயணம் கிளம்பும்போது அதையே துணையாக மாற்றிவிட்டதாகச் சொன்னான். குளிக்கும்போதுகூட அவள் கழற்றியதில்லை.

திரையில் பழைய பதிவு வந்தது. முதல் நாள் ஒரு ஜூன் மாதம், திங்கட்கிழமை. அதிலிருந்து ஒரு நாள் விடாமல் கோடுகள். சஜின் அலுவலகத்தில் விழித்திருந்த ஒவ்வொரு இரவும் அவள் கழுத்துக்கு வந்திருந்தது.

"இதுல களைப்பு உணர்ச்சி மட்டுந்தான் இங்கிட்டு வரும்" என்றார் மும்தாஜ் தாழ்ந்த குரலில். "உடம்புத் தேய்மானம் அவருகிட்டயேதான் கெடக்கும். அதான் இப்பிடிக் கெடையாக் கெடக்காரு. மூணு வருசத்துத் தூக்கம்."

பெனிட்டா வேனின் படியில் உட்கார்ந்தாள். அதே வருடம் ஆகஸ்டில், கிரேனில் அவள் கண் சொக்கிய வியாழக்கிழமையைத் தேடச் சொன்னாள். மும்தாஜ் தேடி எடுத்தார். அன்று மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, சஜின் நாற்பத்தோரு மணி நேரமாக விழித்திருந்தான்.

வெகுநேரம் கழித்து, "புதுப் பட்டை வந்ததும் நிஜமாவே பாதிக்குப் பாதி வச்சிருங்க. அவன்கிட்ட சொல்லாண்டாம்" என்றாள்.

அவளுக்கே அது ஏன் என்று அப்போது தெரியவில்லை. பிறகு யோசித்தபோது புரிந்தது. அவனாகச் சொல்லிவிடுவான் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. பாதிக் களைப்பு அவன் உடம்பில் ஏறியதும், 'பெனி, நான் ஒண்ணு சொல்லணும்' என்று வந்து நிற்பான். அப்படி வந்து நின்றால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை கிளம்பினார்கள். பெனிட்டாவுக்கு நன்றாக ஓட்ட முடிந்தது. சஜின் முன்னால் போகவில்லை. இருபதாவது கிலோமீட்டரில் அவளுக்குப் பின்னால் போனான். நாற்பதில் மிதிப்பதை நிறுத்தி, தலையைக் கைப்பிடியில் கவிழ்த்துக்கொண்டு நின்றான். விழுந்த வலி என்றான். மறுநாளும் அப்படியே. அவள் அவனுக்காக நின்றாள், தண்ணீர் கொடுத்தாள், காத்திருந்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நர்மதை ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நின்றார்கள். பெனிட்டா முகம் கழுவக் கடைக்குப் பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது வேனுக்கு மறுபக்கத்திலிருந்து சஜினின் குரல் கேட்டது.

"அளவு மாறியிருக்கு மும்தாஜ். புதுப் பட்டை போட்டதுல ஏதோ குழப்பம் ஆயிருக்கு. பழையபடி வையுங்க."

"பழையபடின்னா சார்?"

"உங்களுக்குத் தெரியும்லா? தொண்ணூத்திரெண்டு. அவளுக்குப் பழகிட்டு, அவ தாங்குவா. எனக்கு டெல்லியில பேச வேண்டியிருக்கு."

பெனிட்டா வேனைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். மும்தாஜ் இறங்கி டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

"எத்தன நாளா அங்க நிக்க?" என்று கேட்டான் சஜின். பதற்றத்தில் வார்த்தை மாறிவிட்டது.

"மூணு வருசமா" என்றாள் அவள்.

அவன் மறுக்கவில்லை. உட்கார்ந்தான். அவன் பேச ஆரம்பித்தபோது அவளை மிகவும் வருத்தியது அவன் குரலில் பொய் இல்லை என்பதுதான்.

"மூணு மாசம்னுதான் நினைச்சேன் பெனி. சத்தியமா. அந்த முதல் மாடலச் செஞ்சு காட்டாட்டா கம்பெனி மூடியிருக்கும். நான் முழிச்சிருக்கணும். உன்கிட்ட கேட்டா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப."

"கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா அது சோதனை ஆகாது. தெரிஞ்சுட்டா மனசு ஒரு மாதிரி வேலை செய்யும்..." நிறுத்தினான். "அப்புறம் எப்பிடிச் சொல்ல? ஒரு மாசம் ஆயிட்டு, ஆறு மாசம் ஆயிட்டு. நம்ம ரெண்டு பேர்ல நீதான் பலசாலி. எனக்கு அது தெரியும். நான் உன்னப் பார்த்துக்கிடலியா? ஒரு நாளாவது உன்ன அடுப்படிக்கு விட்டிருக்கேனா? உனக்க காலப் பிடிச்சு விடாம ஒரு நாள் படுத்திருக்கேனா?"

"நீ பிடிச்சுவிட்டது எனக்க கால இல்ல சஜின்" என்றாள் பெனிட்டா. "உனக்க களைப்பத்தான் நீ பிடிச்சுவிட்டுக்கிட்ட. எனக்க உடம்புல வச்சு."

அவன் தலை குனிந்தான்.

"அந்த வியாழக்கிழம உனக்குத் தெரியும். இல்லியா?"

"எந்த..."

"தெரியும் உனக்கு. விசாரணைக்கு நான் எழுதிக் குடுத்தது நீ டைப் பண்ணித் தந்ததுதான். 'ஆள் நிக்கக்கூடாத மஞ்சள் கோட்டுக்குள்ள அவர் நின்னாரு'ன்னு. நான் அழுதேன். 'பெனி, கண்ணு சொக்கினதச் சொன்னா நீ ஜெயிலுக்குப் போயிருவ'ன்னு சொன்ன. எனக்கு ஒரு பயமும் இல்லன்னு சொன்னேன். நீதான் பயந்த. நான் தூங்கினத யாராவது தோண்டினா எங்க போய் நிக்கும்னு உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"உனக்காகவும்தான் பயந்தேன்."

"உம்" என்றாள். அதையும் அவள் நம்பினாள். அதனால்தான் தாங்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பட்டையை உரித்தாள். மூன்று வருடம் ஒட்டியிருந்த இடத்தில் தோல் வெளிறி, தொட்டால் எரிந்தது. பட்டையை வேன் படியில் வைத்துவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து அவன் இரண்டு தடவை கூப்பிட்டான்.

பாலத்தின் நடுவில் நின்று போனை எடுத்தாள். பூமிநாதன் என்று அதில் ஒரு எண் இருந்தது. கால் போன தொழிலாளியின் எண். ஆஸ்பத்திரியில் அவர் மனைவியிடம் வாங்கி வைத்தது. ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை.

மணி அடித்தது. எடுத்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். வைத்துவிடுவாரோ என்று பயந்து அவள் வேகமாக எல்லாவற்றையும் சொன்னாள். பட்டை, மூன்று வருடம், நாற்பத்தோரு மணி நேரம். "அது எனக்க களைப்பு இல்ல அண்ணாச்சி. நான் தூங்கல. அவனுக்க தூக்கத்தத்தான் நான் தூங்கினேன்."

கீழே ஆற்றில் யாரோ படகைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு களைப்பா இருந்தா என்னங்க," என்றார் பூமிநாதன். "காலு என்னோடதுதானே."

"நான் கோட்டுக்குள்ள நின்னேன்னு எழுதிப்புட்டாங்க. ஊருல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எம்மகளே கேட்டுச்சு, 'ஏம்ப்பா உள்ள போயி நின்னே'ன்னு. நீங்க மேல இருந்து பாத்தீங்கல்ல? நான் எங்க நின்னேன்?"

"வெளிய" என்றாள் பெனிட்டா. "கோட்டுக்கு வெளியதான் நின்னீங்க."

"இத்தனை நாளும் தெரியும்ல அது ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப அத எழுதிக் குடுங்க. உங்க வீட்டுக்காரரு செஞ்சதயெல்லாம் எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவள் நெடுநேரம் நின்றாள். லாரிகள் போகும்போது பாலம் லேசாக அதிர்ந்தது. சஜின் தனக்குச் செய்ததை அவள் நாலைந்து நாளாக வரி வரியாக எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கில் தன் கையெழுத்தும் ஒன்று இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. களைப்பில் போட்ட கையெழுத்துதான். ஆனால் பேனா அவள் கையில் இருந்தது, கோடு எங்கே இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்து சைக்கிளைத் தெற்கே திருப்பி நிறுத்தினாள். பைகளைச் சரிபார்த்தாள்.

"எங்க போற?" என்றான் சஜின். "டெல்லிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. எல்லாருக்கும் நான் என்ன சொல்ல? பெனி, வேன்ல ஏறு. பேசலாம். ரயில்லயாவது போ. இவ்ளோ தூரம் நீ எப்பிடி..."

"எனக்கு முடியும்" என்றாள். மூன்று வருடமாக அவள் சொல்லாத வார்த்தை. "எனக்கு எவ்ளோ முடியும்னு எனக்கே தெரியல. பாத்துக்கிடுதேன்."

மும்தாஜ் டீக்கடையின் ஓரத்தில் காத்திருந்தார். சுருட்டிய காகிதக் கட்டு ஒன்றை அவள் பைக்குள் சொருகினார். மூன்று வருடத்துப் பதிவு. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து இருந்தது.

"இது வெளிய வந்தா எனக்கு எங்கயும் வேலை கெடைக்காது. இருந்தாலும் வச்சுக்கிடுங்க" என்றார்.

அவள் தனியாக ஓட்டினாள். காட்டுப் பாதை, நாக்பூர், ஆதிலாபாத். மூன்று நாள் களைப்பே வரவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் கெண்டைக்கால் இறுகி, கண்கள் கனத்தபோது அவளுக்குப் பகீரென்றது. எங்கிருந்தோ அவன் மறுபடி அனுப்புகிறான் என்று கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பட்டை இல்லை. நூற்றுப்பத்துக் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறாள், அதனால் களைத்திருக்கிறாள். அவ்வளவுதான். ஒரு பெட்ரோல் பங்க் பெண்ணிடம் கேட்டு, அவர்கள் தங்கும் அறையில் படுத்தாள். காலையில் எழுந்தபோது களைப்பு போயிருந்தது. களைப்பு போகும் என்பதையே அவள் மறந்திருந்தாள்.

கர்னூல் பக்கம் ஒரு இட்லிக் கடையில் போனில் செய்தி பார்த்தாள். கம்பெனியின் அறிவிப்பு. பெனிட்டாவின் உடல்நிலை மோசமானதால் அவர் பயணத்திலிருந்து விலகுகிறார்; மனைவியின் கனவை நிறைவேற்ற சஜின் தொடர்ந்து செல்கிறார். கீழே ஆயிரக்கணக்கானவர்கள் அவள் குணமடைய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் அன்று காலை மட்டும் அறுபது கிலோமீட்டர் ஓட்டியிருந்தாள்.

மும்தாஜைக் கூப்பிட்டாள். "அவன் எப்பிடி அக்கா ஓட்டுதான்? பட்டை இல்லாம அவனால பத்துக் கிலோமீட்டர் முடியாதே."

"உங்க பட்டையத்தான் வேற ஆளுக்கு ஒட்டியிருக்காரு" என்றார் மும்தாஜ். அவர் குரல் உடைந்திருந்தது. "நர்மதைக்கு அந்தாண்ட ஒரு செங்கல் சூளையில வேலை செஞ்ச மனுசன். வயசு அம்பது இருக்கும். வேன்லயே உக்காந்து வாரான். எதுக்கு இந்த வேலைன்னுகூட அவனுக்கு முழுசாத் தெரியாது. சார் அங்க மிதிக்காரு, இவன் இங்க உக்காந்தபடியே மூச்சு வாங்குதான். நூத்துக்கு நூறு வச்சிருக்கு இப்பம். நான் நாளைக்கு ஜான்சியில இறங்கிருதேம்மா. என்னால பாத்துக்கிட்டு ஓட்ட முடியல."

டெல்லி விழாவை அவள் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் ஓசூர் இறக்கத்தில் இருந்தாள்.

சாயல்குடிக்குப் பக்கத்தில், கருவேலங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது பூமிநாதனின் ஊர். இருபதாவது நாள் காலை பதினோரு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தாள். அவர் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். ஒரு மரத்தடியில் பலகைமேல் உட்கார்ந்து அவர் சொத்தை மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் பக்கத்தில் கிடந்தது. மேலிருந்து தலையும் தோளுமாக மட்டுமே பார்த்த மனிதர். முகத்தை அவள் இப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

அவர் சைக்கிளைப் பார்த்தார், அவள் பைகளைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

காகிதங்களைக் கொடுத்தாள். வழியில், அனந்தபூரில் ஒரு நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டது மேலே இருந்தது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாய்விட்டு, மெதுவாகப் படித்தார். தொங்கும் பாரத்துக்குக் கீழே அவள் தூங்கியது. அவர் கோட்டுக்கு வெளியே நின்றதை அவள் பார்த்தது. பார்த்திருந்தும் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தது. அது சஜின் எழுதியது என்றும், தான் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டதாகவும் அவள் எழுதியிருந்தாள்.

"இதுனால உங்களுக்கு ஜெயிலு வருமுங்களே" என்றார்.

"வரலாம்."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவனுக்கும் வரும். கூடவே, இப்பம் அவனுக்காக இன்னொருத்தர் களைச்சுக்கிட்டு இருக்காரு. அதுக்கும் தனியா ஒரு புகார் எழுதியிருக்கேன்."

அவர் காகிதங்களைத் தட்டிச் சமப்படுத்தி, மிளகாய்த் தூசி படாமல் மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளே பார்த்து, "ஏ மங்கை, இங்க வா. இதப் படி" என்று மகளைக் கூப்பிட்டார். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண் வந்து வாங்கிக்கொண்டு, நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். படித்து முடிக்கும் வரை அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் தோளோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"நாளைக்கு ராமநாதபுரத்துல வக்கீலப் பாக்கணும்" என்றார் பூமிநாதன். "நீங்களும் வரணும்."

"வாரேன்."

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. முட்டி மடங்கி, மிளகாய்த் தார்ப்பாயின் ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் நடுங்கின. கையால் அழுத்திப் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை.

அவர் அதைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றார். குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. ஊன்றுகோலை எடுத்து மெதுவாக எழுந்து, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.